கழற்ற முடியாத டிரான்ஸ்பார்மர்

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் நடுமுற்றத்தில், அந்தப் பக்கத்துப் பேச்சில் வளவில், நான் மல்லாக்கப் படுத்துக் கிடந்தேன். தலை ஒரு ரேடியோகிராம் பெட்டிக்குள் இருந்தது. உடம்பு வெளியே இருந்தது. வாயில் டார்ச் லைட். மூக்கில் எலிப்புழுக்கை வாடை. என் காலைச் சுற்றி நின்றுகொண்டு அந்த வீட்டுப் பங்காளிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு ஆணியத் தொட்டாலும் பினாங்குக்காரவுக வந்து என்னையத்தான் கேப்பாக" என்றது ஒரு குரல்.

"அவுக வர்றப்ப வரட்டும். இந்த ஆளு எம்புட்டு நேரமாப் படுத்துக் கெடக்காரு, பாவம்."

"பாவம் என்ன பாவம்? உள்ளேயே தூங்கிப்புட்டாரோ என்னமோ. உள்ளங்காலைச் சொரண்டிப் பாருங்க."

நான் தூங்கவில்லை. ஒரு இரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மிக்கல்லில் பாதி அளவு இருக்கும். அதைப் போல ஒன்றை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. பிறகும் பார்க்கவில்லை. நாலு போல்ட்டைக் கழற்றினால் அது என் கையில். அந்த நாலு போல்ட்டைத்தான் கழற்ற விடமாட்டேன் என்கிறார்கள்.

அது ஏன் எனக்கு அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஒரு விஷயம். போன வாரக் கட்டுரையில் நான் தபேலாக்காரர்களை இழிவுபடுத்திவிட்டேன் என்று ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். இழிவுபடுத்தவில்லை. அவர்கள் கிடாரைக் கேட்க விடுவதில்லை என்று எழுதினேன். அது உண்மை. இந்த வாரமும் அதைத்தான் எழுதப்போகிறேன்.

வயிற்றைச் சொறிகிறவன்

அறுபதுகளின் கடைசி. காரைக்குடிப் பக்கம் ஒரு நூற்பாலையில் நான் ஃபிட்டர். முகூர்த்த நாட்களில் தங்கராசுவின் மெல்லிசைக் குழுவில் கிடார். தங்கராசு ஆர்மோனியம் வாசிப்பான், குழுவும் அவனுடையது. தபேலா, டோலக், பாங்கோஸ், ஒரு ஆண் குரல், ஒரு பெண் குரல். இத்தனை பேருக்கும் மைக்செட்காரர் கொண்டுவருவது மூன்று மைக். இரண்டு பாடுகிறவர்களுக்கு. மூன்றாவது, மாப்பிள்ளை வீட்டாரைச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு. கிடாருக்குக் கிடையாது.

தோலைத் தட்டுகிற மூன்று பேருக்கு நடுவில் மரப்பெட்டியில் கம்பி கட்டி வாசித்தால் யாருக்குக் கேட்கும்? வாசித்த எனக்கே கேட்காது. தேவகோட்டையில் ஒரு கல்யாணத்தில், முன்வரிசையில் இருந்த அம்மாள் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள்: "அந்தத் தம்பி எதுக்குப் பாட்டு முடியுற மட்டும் வயித்தைச் சொறிஞ்சுக்கிட்டே நிக்குது?"

அதைத் தங்கராசு கேட்டுவிட்டான். கேட்டதோடு விடவில்லை. பந்தியில் குழு முழுவதுக்கும் நடித்துக் காட்டினான். பிறகு சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னான்:

"சூசை, மதுரையில ஒரு அக்கார்டியன்காரன் இருக்கான். மைக்கே வேணாம், தெருமுனை வரைக்கும் கேக்கும். எப்ப வரட்டும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"கானாடுகாத்தான் கல்யாணம் வரைக்கும் பாக்குறேன். அதுலயும் உன் சத்தம் வரலைன்னா அவன் வாசிக்கட்டும். நீ கேட்டுக்கிட்டு உக்காரு."

எனக்கு வந்த கோபத்துக்கு இலையோடு எழுந்துவிட்டேன். பாயசம் போனது.

அன்று முடிவு செய்தேன். மைக்செட்காரன் தயவும் வேண்டாம், தங்கராசு தயவும் வேண்டாம். கிடாருக்கென்று நானே ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்யப்போகிறேன்.

'தகுந்த' என்றால் என்ன?

ஒரு பத்திரிகையில் அதற்கான படம் வந்திருந்தது. எந்த வால்வு, எந்த கண்டென்சர், எந்தக் கம்பி எங்கே போகவேண்டும் என்று எல்லாம் போட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: 'தகுந்த பவர் டிரான்ஸ்பார்மர் ஒன்றைத் தெரிவு செய்துகொள்க.' அவ்வளவுதான். பெண் பார்க்கப் போகிறவனிடம் தகுந்த பெண்ணைக் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போன மாதிரி. எழுதியவன் என் கையில் கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

வால்வு என்பது கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கிற சின்ன அடுப்பு. அடுப்பு எரிய ஆறு வோல்ட் சொச்சம் வேண்டும். அதே குப்பிக்குள் இருக்கிற தகட்டுக்கு முன்னூறு வோல்ட் வேண்டும். ஏ.சி.யை டி.சி. ஆக்குகிற வால்வுக்குத் தனியாக ஐந்து வோல்ட். இந்த மூன்றையும் ஒரே டிரான்ஸ்பார்மர் தர வேண்டும். தந்தால் மட்டும் போதாது, வாசிக்கிற நேரம் முழுக்க மூச்சு வாங்காமல் தர வேண்டும். முன்னூறு வோல்ட் என்று மேலே எழுதியிருப்பது எல்லாம் முன்னூறு வோல்ட் தராது. சும்மா இருக்கிறபோது தரும். வேலை கொடுத்தால் படுத்துவிடும். மனிதர்களிலும் அப்படி நிறையப் பேர் உண்டு. எங்கள் மில் சூப்பர்வைசர் ஒருவர்.

முதலில் ஒரு செத்த ரேடியோவின் டிரான்ஸ்பார்மரை வாங்கிப் போட்டேன். வீட்டு ரேடியோவில் ஸ்பீக்கரை ஓட்டுகிற வால்வு ஒன்றுதான். எனக்கு இரண்டு. கிடாரைத் தட்டினேன். பாட்டிலுக்குள் கொசு மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் போனது.

இரண்டாவது, மதுரையில் ஒரு காயில் சுற்றுகிறவனிடம் சொல்லிச் செய்தது. அவன் அதை விரல் முட்டியால் தட்டிக் காட்டினான். "அண்ணே, எரும மாட்டையே கட்டலாம்" என்றான். எருமை மாட்டைக் கட்டத்தான் லாயக்கு. வெளியே தெரிகிற முனையில் தடித்த கம்பியைப் பற்றவைத்துவிட்டு, உள்ளே தலைமுடி மாதிரிக் கம்பியைச் சுற்றியிருக்கிறான். பிரித்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பிரிப்பதற்கு முன்பே அது கொதிக்கிறதை என் மனைவி ஆரோக்கியம் கண்டுபிடித்துவிட்டாள். மழை பெய்துகொண்டிருந்தது. பிள்ளையின் ஈரத்துணியைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டாள். வெயிலில் கூட அப்படிக் காயாது.

"ஏங்க, உங்க பெட்டி எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள்.

"பாட்டு கேக்கவா?"

"பாட்டு எங்கிட்டு வருது? துணி காயுது. ஐப்பசி முடியிற வரைக்கும் இருக்கட்டும்."

அதற்குள் வீட்டில் தார் உருகுகிற வாடை வந்துவிட்டது. ஒயரைப் பிடுங்கினேன். அந்த இரும்பு பல வருஷம் எங்கள் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வேலையைச் சரியாகச் செய்தது.

சாயங்கால வோல்டேஜ்

இன்னொரு தொல்லை இருந்தது. எங்கள் பக்கம் பகலில் இருக்கிற மின்சாரம் சாயங்காலம் இருக்காது. கல்யாண வீட்டில் சீரியல் விளக்கு போட்டுவிட்டால் தொலைந்தது. குண்டு பல்பு பழுத்த மிளகாய்ப்பழம் மாதிரி ஆகிவிடும். குழல்விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருக்கும், எரியாது. இருநூற்று இருபது இருக்கவேண்டிய இடத்தில் நூற்றைம்பது இருந்தால் அதிகம். மைக்செட்காரர்கள் அதையே நம்பிப் பிழைத்தார்கள். பாட்டு சரியில்லை என்று யாராவது சொன்னால் வோல்டேஜைக் காட்டிவிடுவார்கள்.

எனக்குத் தேவை, நல்ல வோல்டேஜிலும் கெட்ட வோல்டேஜிலும் வேலை செய்கிற டிரான்ஸ்பார்மர். நம் பக்கத்தில் அப்படி ஒன்றை யாரும் செய்யவில்லை. கேட்டால் சிரித்தார்கள்.

சைகோன் பெட்டி

கல்யாணத்துக்குச் சில நாள் முன்னால், மேடை எங்கே, பிளக் எங்கே என்று பார்க்க நானும் தங்கராசுவும் கானாடுகாத்தான் போனோம். கல்யாணப் பெண்ணின் தாயார் வள்ளியம்மை ஆச்சி. கணவர் இல்லை. சமையல்காரர், பந்தல்காரர், நாங்கள் எல்லோரும் அந்த அம்மாளின் இடுப்புச் சாவிக்கொத்துச் சத்தத்துக்குப் பயந்து நடந்தோம்.

வளவின் மூலையில் ஒரு பெரிய மரப்பெட்டி. மேலே பின்னல் துணி. அதன்மேல் சீர் எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கி வைத்திருந்தார்கள்.

"இது என்ன ஆச்சி?"

"ரேடியோவும் பிளேட்டுப் பெட்டியும் ஒண்ணா இருக்கிறது. சைகோன்ல இருந்து கப்பல்ல வந்துச்சு. எம்புட்டோ காலமாப் பாடலை. பாத்திரம் வைக்கத் தோதா இருக்கு."

பின்பலகையைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். திறந்தேன். எலி எல்லாவற்றையும் தின்றிருந்தது. ஒயர், ஸ்பீக்கர் காகிதம், எல்லாம். தின்ன முடியாதது அந்த டிரான்ஸ்பார்மர் ஒன்றுதான்.

அதன் தலையில் திருகிவைக்கிற ஒரு சின்ன வட்டம் இருந்தது. சுற்றிலும் எண்கள்: 110, 127, 145, 220, 240. எந்த ஊரில் எந்த வோல்டேஜோ அந்த எண்ணுக்குத் திருகிக்கொள்ளலாம். கப்பலில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்காகச் செய்தது. நான் ஊர் ஊராகப் போகவேண்டியதில்லை. பகலில் 220, சாயங்காலம் 145. அதை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். வீட்டில் போய் இதைச் சொன்னபோது ஆரோக்கியம், "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்ப சன்னலைல்ல பாத்துக்கிட்டு இருந்தீக" என்றாள்.

டிரான்ஸ்பார்மர் நல்லதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பல்பு வழியாக அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். உள்ளே கம்பி ஒட்டிப்போயிருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். நன்றாக இருந்தால் எரியாது. கொடுத்தேன். பல்பு எரியவில்லை. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஆச்சி எட்டிப் பார்த்தார்கள். "எரியலையே."

"ஆமா ஆச்சி. எரியலை."

"அப்ப செத்துப்போச்சு. அதுக்கா சிரிக்கிறீக?"

"இதைக் கழட்டிக்கிடட்டுமா ஆச்சி? எனக்கு வேணும்."

"செத்த சாமானை வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்யப்போறோம்? எடுத்துக்கிடுங்க" என்றவர்கள், நான் ஸ்பானரை எடுப்பதற்குள், "ஆனா நான் மட்டும் சொன்னா ஆச்சா? இது பொதுச் சாமான். ஆறு பங்கு" என்றார்கள்.

ஆறு பங்கு

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்கிறேன். அந்த வீடுகள் ஒருத்தர் வீடு அல்ல. பங்காளிகள் எல்லோருக்கும் சேர்ந்தது. அறை அவரவருக்கு. வளவு, கதவு, வளவில் இருக்கிற சாமான் எல்லாம் பொது. வீட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். வீட்டை விட்டு ஒரு கரண்டி வெளியே போகவேண்டுமானாலும் எல்லோரும் சரி சொல்ல வேண்டும்.

சைக்கிளை எடுத்தேன்.

காரைக்குடிப் பங்காளி சொன்னார்: "தாராளமா எடுங்க. ஆனா பெட்டி கனம் குறையக் கூடாது. நாளைக்கு நகட்டுறவுக, என்னடா லேசா இருக்குன்னு கேப்பாகள்ல?" அதே கனத்துக்குக் கல் வைக்கிறேன் என்று சொன்னேன். சரி என்றார்.

நேமத்தான்பட்டிப் பங்காளி நிதானமான ஆள். "கழட்டுனா மறுபடி எப்ப மாட்டுவீக?" என்று கேட்டார். மாட்டமாட்டேன் என்றேன். "அப்ப அதுக்குப் பேரு கழட்டுறது இல்லையே. எடுக்கிறது. அதை யோசிக்கணும்" என்றார். சாப்பாடு போட்டார். தூங்கி எழுந்தார். காபி வந்தது. யோசித்துவிட்டதாகச் சொன்னார். சரியாம்.

தேவகோட்டையில் அண்ணன் தம்பி இரண்டு பேர். ஒரே வீட்டில் இருந்தார்கள், பேசிக்கொள்வதில்லை.

அண்ணன் கேட்டார்: "அவன் என்ன சொன்னான்?"

தம்பியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனாலும் சொன்னேன், "கொடுக்கவே கூடாதுன்னாக."

"அவன் யாரு சொல்றதுக்கு? எடுத்துக்கிடுங்க!"

தம்பியிடம் போனேன். "உங்க அண்ணன் முடியாதுன்னுட்டாக" என்றேன். "முடியாதா? நான் சொல்றேன், எடுங்க!" என்றார். பொய்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆறாவது ஆள் பினாங்கில். கல்யாணத்துக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தார். கல்யாணத்தன்றுதான் வந்து சேர்வார். அவர் சொல்லாமல் ஒரு போல்ட்டும் கழலாது என்றார்கள்.

அப்படித்தான் கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். யாரோ நிஜமாகவே என் உள்ளங்காலைச் சொரண்டினார்கள். வந்த ஆத்திரத்தில் தலையைத் தூக்கி நெற்றியை டிரான்ஸ்பார்மரில் இடித்துக்கொண்டேன். அப்போதுதான் புத்தி வந்தது.

டிரான்ஸ்பார்மர் ஆம்ப்ளிஃபயரிடம் வரக்கூடாது. சரி. ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்பார்மரிடம் போகட்டும்.

வெளியே ஊர்ந்து வந்தேன். "ஆச்சி, எதையும் கழட்டலை. என் சாமானை உள்ள வச்சுக்கிடுறேன். பெட்டியை மேடைக்கு நகட்டலாமா?"

"வீட்டுக்குள்ள எங்குட்டு வேணாலும் நகட்டுங்க. பாத்திரம் கீழ விழுகாம."

மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்

அன்று பகல் முழுக்க வளவில் உட்கார்ந்து பற்றவைத்தேன். இசைத்தட்டு சுற்றுகிற இடத்தில் என் வால்வுகள். எலி தின்ற ஸ்பீக்கர் இருந்த இடத்தில் என் ஸ்பீக்கர். வால்வு சூடானதும் கிடாரின் தடித்த கம்பியை ஒரே ஒரு தட்டுத் தட்டினேன். பெட்டியின் மேல் இருந்த எவர்சில்வர் எல்லாம் சேர்ந்து கூவியது. சமையல்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். உள்ளேயிருந்து ஆச்சி, "எது விழுந்துச்சு?" என்று கத்தினார்கள்.

மறுநாள் சாயங்காலம் வரவேற்பு. நாலு பேர் தூக்கிவந்து பெட்டியை மாப்பிள்ளை நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். சீரியல் விளக்கு போட்டார்கள். வோல்டேஜ் விழுந்தது. மைக்செட்காரர் வானத்தைப் பார்த்தார். நான் திருகை 145-க்கு மாற்றினேன்.

முதல் பாட்டிலேயே கிடார் வாசல் வரைக்கும் கேட்டது. தபேலாக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை ஓங்கி அடித்தார். இன்னும் ஓங்கி அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடிதம் எழுதிய வாசகர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

தங்கராசு ஆர்மோனியத்தை விட்டுவிட்டு வாயைத் திறந்துகொண்டு இருந்தான்.

நடுவில் சீரியல் விளக்கின் ஃப்யூஸ் போனது. வோல்டேஜ் எகிறியது. கிடார் இடி மாதிரி விழ, மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள். நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கி, 220-க்குத் திருகி, மறுபடி செருகினேன். அடுத்த அடிக்குள் வாசித்துவிட்டேன். வேறு எந்த டிரான்ஸ்பார்மரும் அன்றைக்குப் பிழைத்திருக்காது.

இதற்குப் பிறகுதான் பங்காளிகள் வந்தார்கள்.

காரைக்குடிக்காரர் மேடை ஏறி, பெட்டியைத் தடவி, சத்தத் திருகை ஏற்றினார். தேவகோட்டை அண்ணன் வந்து இறக்கினார். அதற்காகவே தம்பி வந்து ஏற்றினார். நேமத்தான்பட்டிக்காரர் நிதானமாக வந்து ஸ்டேஷன் திருகைப் பிடித்தார். அது எதோடும் சேராத திருகு. முள்ளை மட்டும் நகர்த்தும். கொழும்பில் இருந்து எங்கெங்கோ முள்ளைக் கொண்டுபோய், ஓரிடத்தில் நிறுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டார். "இப்பத்தான் தெளிவா இருக்கு" என்றார்.

அண்ணனும் தம்பியும் மறுபடி வந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரும் கை வைக்காதீக!"

பாடகரின் மைக் என் வாய்க்கு நேரே இருந்தது. கானாடுகாத்தான் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது.

"எங்க பெட்டிய்யா" என்றார் தேவகோட்டைத் தம்பி. "அதானே" என்றார் அண்ணன். அவர்கள் ஒத்துப்போனதை அன்றுதான் பார்த்தேன் என்று பிறகு ஆச்சி சொன்னார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கையில் பையோடு ஒருவர் வளவுக்குள் வந்தார். பினாங்குக்காரர். நேராக மேடைக்கு வந்து, "இது சைகோன் பெட்டியில்ல?" என்றார்.

நான் மைக்கிலேயே கேட்டுவிட்டேன். "ஐயா, எல்லாரும் சரின்னுட்டாக. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. இதுக்குள்ள இருக்கிற டிரான்ஸ்பார்மரை எனக்குத் தருவீகளா?"

"எதை?"

"உள்ள இருக்கிற இரும்பை."

"இரும்பா? இதுக்கா இம்புட்டுப் பேரு கூடி நிக்கிறீக? எடுத்துக்கிடுங்கப்பா. நான் இன்னும் குளிக்கலை."

தங்கராசு என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "அக்கார்டியனாவது மண்ணாவது. நாளைக்கு இதைக் கழட்டிட்டு வா. இனி எல்லாக் கல்யாணத்துக்கும் நீதான்."

ஸ்பானரோடு போனேன்

மறுநாள் காலையில் ஸ்பானரோடு போனேன். காரைக்குடிக்காரருக்குச் சொன்னபடி ஒரு கருங்கல்லும் கொண்டுபோனேன். சைக்கிள் கேரியரில் அதைக் கட்டிக்கொண்டு மிதித்தவனுக்குத்தான் அந்தக் கனம் தெரியும்.

பெட்டி மூலைக்கு வந்திருந்தது. மேலே பாத்திரம் இல்லை. பின்னல் துணியைத் துவைத்துப் போட்டிருந்தார்கள். ஆச்சி பக்கத்தில் நின்றார்கள்.

"எதுக்குக் கல்லு?"

"கனத்துக்கு ஆச்சி. இன்னைக்குக் கழட்டப்போறேன்ல."

"கழட்டவா? எதை?"

"ஆறு பேரும் சரின்னுட்டீகளே ஆச்சி. முதல்ல சொன்னதே நீங்கதானே?"

"செத்துக் கெடந்தப்ப கேட்டீக. பல்பு எரியலை. குடுத்தோம். இப்பப் பாடுதே. பாடுற சாமானை யாராச்சும் வீட்டை விட்டு அனுப்புவாகளா?"

"ஆச்சி, அது பாடலை. நான்தான் வாசிச்சேன்."

"நீங்க இதுக்கு முன்னாடியுந்தான் வாசிச்சீக. கேட்டுச்சா?"

ஸ்பானரைப் பைக்குள் போட்டேன்.

"அப்ப என் வால்வு, என் ஸ்பீக்கர்?"

"அதைக் கழட்டுனா மறுபடி செத்துப்போகுமே. இருக்கட்டும். ஆறு பங்குலயும் கல்யாணத்துக்குப் பிள்ளைக நிக்குது. ஒவ்வொண்ணுக்கும் நீங்க வந்துதான் வாசிக்கணும். வேற ஆளு பெட்டியைத் தொடக் கூடாது."

கல்லை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த முகூர்த்தத்தில் தங்கராசு அக்கார்டியன்காரனைக் கூட்டிவந்தான். நல்ல மனிதன்தான், சத்தம் அதிகம். காரைக்குடியில் அவன், தேவகோட்டையில் அவன், பிள்ளையார்பட்டியில் அவன். எழுபதுகளில் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வந்து நானும் ஒன்று வாங்குகிற வரைக்கும் எல்லா ஊரிலும் அவன்தான்.

அந்த வீட்டில் மட்டும் அவனுக்கு வேலையில்லை. ஆறு பங்காளிகளுக்கும் பிள்ளைகள் நிறைய. வருஷத்துக்கு ஒரு கல்யாணமாவது வரும். பெட்டியை மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் தூக்கி வைப்பார்கள். நான் திருகை 145-க்கு மாற்றுவேன். அக்கார்டியன்காரன் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

முதல் பாட்டு முடிவதற்குள் நேமத்தான்பட்டிக்காரர் மேடை ஏறி, முள்ளைச் சரியான ஊருக்கு நகர்த்திவிட்டு இறங்குவார். நான் வாசித்துக்கொண்டே நகர்ந்து இடம் விடுவேன். அவர் பங்கு.